காலை எட்டரை மணி வேலையும் கரண்ட் இல்லாத மெஷினும்

லினக்ஸில் ஒரு வேலையைக் குறித்த நேரத்துக்குத் தானாக ஓட வைப்பது எப்படி என்று தேடினால், வருகிற குறிப்புகளில் முக்கால்வாசி ஐந்து நட்சத்திரத்தைப் போட்டு, முதலாவது நிமிடம், இரண்டாவது மணி என்று ஆரம்பித்து அங்கேயே முடிந்தும் போகும். நட்சத்திரக் கணக்கைக் கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அந்த நேரம் வரும்போது உங்கள் மெஷினுக்குக் கரண்ட் இருக்குமா? மழைக்காலத்தில் ஏற்காட்டில் ஒரு மெஷினை ஓட விட்டுப் பார்த்தால், எந்த ஷெட்யூலரை (நேரம் பார்த்து வேலையை ஓட வைக்கும் மென்பொருளை) நிறுவுவது என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது என்று தெரிந்துவிடும்.

என் கையில் இருப்பவை மூன்று. ஒன்று வாடகைக்கு எடுத்த சர்வர், எங்கேயோ ஒரு டேட்டா சென்டரில் இரவும் பகலும் ஓடுகிறது. இன்னொன்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றின் பில் போடும் கம்ப்யூட்டர், ராத்திரி கடை அடைக்கும்போது ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாவது, ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் ஸ்டோர் ரூம் சுவரில் மாட்டியிருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர். வெளியே இருக்கும் மழைமானியின் கணக்கைச் சேர்த்து, தினமும் காலையில் மாமாவின் போனுக்கு அனுப்புவது அதன் வேலை. மூன்றிலும் ஓடுவது லினக்ஸ்தான், ஆனால் மூன்றுக்கும் ஒரே ஷெட்யூலர் சரிப்படாது.

ஒரு விஷயம், கட்டளைகளை எல்லாம் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிரான் என்ற ஷெட்யூலர். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸிலேயே இது இருந்தது. இன்று நாம் லினக்ஸில் பயன்படுத்தும் கிரான்களில் பெரும்பாலானவை பால் விக்ஸி 1987-இல் எழுதியதன் வழிவந்தவை. லினக்ஸ் வகைகளில் டெபியனும் உபுண்டுவும் அதையே திருத்தித் திருத்தி வைத்திருக்கின்றன, ரெட் ஹேட் 2007-இல் அதிலிருந்து கிரோனி என்று ஒரு கிளையைப் பிரித்துக்கொண்டது. இந்த வரலாறு எதற்கு என்றால், நிறுவும்போது பெயர் மாறுவதற்குக் காரணம் இதுதான். உபுண்டு, டெபியன், ராஸ்பெர்ரி பை ஓஎஸ் இவற்றில் பொதியின் (நிறுவும் மூட்டையின்) பெயரும் சர்வீஸின் (பின்னணியில் ஓடும் நிரலின்) பெயரும் கிரான். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கிரான்' என்று அடித்துப் பாருங்கள், அனேகமாக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். சிக்கனமாகக் கட்டிய கிளவுட் இமேஜ்களிலும் டாக்கர் இமேஜ்களிலும் இருக்காது, அப்போது 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கிரான்'. ஃபெடோரா, ரெட் ஹேட் பக்கம் போனால் பொதி கிரோனி, சர்வீஸ் கிரான்டி. 'சூடோ டிஎன்எஃப் இன்ஸ்டால் கிரோனி', அப்புறம் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் கிரான்டி'. அமேசான் லினக்ஸ் 2023-இல் கிரான் கூடவே வராது, அங்கேயும் கிரோனியைத்தான் போட வேண்டும். நிறுவுவது இவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றுமில்லை.

'கிரான்டாப் -இ' என்று அடித்தால் உங்கள் பெயருக்கான அட்டவணை எடிட்டரில் திறக்கும். ஒரு வரிக்கு ஒரு வேலை. நிமிடம் 0 முதல் 59, மணி 0 முதல் 23, தேதி 1 முதல் 31, மாதம் 1 முதல் 12, கிழமை 0 முதல் 7, இதில் 0, 7 இரண்டுமே ஞாயிறு. '30 8 * * *' என்றால் தினமும் காலை எட்டரை. '*/10 6-18 * * *' என்றால் காலை 6 மணியிலிருந்து மாலை 6.50 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. கடைசி வரி முடிந்ததும் ஒரு என்டர் தட்டிவிட்டு வெளியே வாருங்கள், புதுவரிக் குறி இல்லாமல் நின்றால் பிரச்சினை பண்ணும். இன்னொன்று, '-இ'க்குப் பதிலாகக் கை தவறி '-ஆர்' அடித்தால் மொத்த அட்டவணையும் ஒரு வார்த்தை கேட்காமல் அழிந்துவிடும். விசைப்பலகையில் அந்த இரண்டு எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இதை வடிவமைத்தவருக்கு என்ன கோபமோ. அதனால் அவ்வப்போது 'கிரான்டாப் -எல்' அடித்து வெளிவருவதை ஒரு கோப்பில் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

தேதியும் கிழமையும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கொலுசுப் பட்டறையில் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை சாயங்காலம் இருப்புக் கணக்கு அச்சடித்து வர வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளியின் பையன் கல்லூரியில் படிக்கிறான், கெட்டிக்காரன், அவனே எழுதியிருந்தான்: '0 18 1-7 * 6'. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஒன்றாம் தேதியிலிருந்து ஏழாம் தேதிக்குள் வரும் சனிக்கிழமை, மாலை 6 மணி. ஆனால் கிரான் இதை அப்படிப் படிக்காது. தேதியிலும் கிழமையிலும் நட்சத்திரம் இல்லாமல் எண் கொடுத்தால், இரண்டில் எது பொருந்தினாலும் ஓட்டிவிடும். மாதம் பிறந்து முதல் ஏழு நாளும் பிரிண்டர் ஓடியது, அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் ஓடியது. "அண்ணா, காகிதம் ஒரு ரீம் காலி" என்று போன் வந்தது.

இதற்கு வழி, தேதியை மட்டும் அட்டவணையில் விட்டுவிட்டு, கிழமையைக் கட்டளைக்குள்ளேயே சோதிப்பது: டேட் கட்டளையிடம் கிழமை எண்ணைக் கேட்டு, 6 என்று வந்தால் மட்டும் அடுத்தது ஓடட்டும். இங்கே இரண்டாவது பள்ளம் காத்திருக்கிறது. டேட் கட்டளைக்குச் சதவீதக் குறி வேண்டும், கிரான்டாப்பிலோ சதவீதக் குறி வந்த இடத்தில் வரி முடிந்தது, மீதி எல்லாம் அந்தக் கட்டளைக்கு உள்ளீடு என்று அர்த்தம். ஒவ்வொரு சதவீதக் குறிக்கும் முன்னால் பின்சாய்கோடு போட்டால்தான் பிழைக்கும். பேக்கப் கோப்பின் பெயரில் தேதி சேர்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் இங்கே வந்து முட்டுவார்கள். இதற்கெல்லாம் தலைவலிப்படாமல், கட்டளையைத் தனி ஸ்கிரிப்டாக எழுதி அதன் முழுப் பாதையை மட்டும் கிரான்டாப்பில் கொடுப்பதுதான் என் பழக்கம். ஸ்கிரிப்டுக்குள் சதவீதக் குறிக்கு எந்த மாயமும் கிடையாது.

டெர்மினலில் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்று யாராவது சொன்னால் பத்தில் எட்டு தடவை காரணம் பாத் மாறிதான், கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்று சொல்லும் பட்டியல் அது. நீங்கள் லாகின் செய்யும்போது ஷெல் உங்களுக்காகப் படிக்கும் கோப்புகள் எதையும் கிரான் படிப்பதில்லை. அதற்குத் தெரிந்த பாதைகள் மிகச் சில, ஷெல்லும் பாஷ் கிடையாது, வெறும் எஸ்எச். டெபியன் வகைகளில் எஸ்எச் என்றால் டாஷ், பாஷுக்கே உரிய சில எழுத்து முறைகள் அதற்குப் புரியாது. ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வரியில் எந்த ஷெல் என்று எழுதுங்கள், கட்டளைகளுக்கு முழுப் பாதை கொடுங்கள், வேலை செய்யும் ஃபோல்டருக்கு முதலிலேயே சிடி போட்டுப் போய்விடுங்கள்.

வேலை என்ன சொல்லிவிட்டுச் செத்தது என்பதையும் பிடித்து வைக்க வேண்டும். கிரான் வெளியீட்டை மெயிலில் அனுப்பப் பார்க்கும், மெயில் அனுப்பும் மென்பொருள் இல்லாத மெஷினில் 'எம்டிஏ இல்லை, வெளியீட்டைத் தூக்கி எறிகிறேன்' என்ற பொருளில் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு உண்மையாகவே எறிந்துவிடும். வரியின் கடைசியில் '>>' போட்டு ஒரு லாக் கோப்பின் பெயர், அதன் பின்னால் '2>&1' என்று சேர்த்தால் பிழைச் செய்தியும் அதே கோப்பில் வந்து விழும். டெபியன் 12-இலிருந்து சிஸ்லாக் கோப்பும் இயல்பாக வருவதில்லை, கிரான் ஓடியதா என்று பார்க்க 'ஜர்னல்சிடிஎல் -யூ கிரான்'.

வாடகை சர்வரில் இன்னொரு தொல்லை, நேர மண்டலம். இந்த சர்வர்கள் பெரும்பாலும் உலக நேரத்தில்தான் கைக்கு வரும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் என்பதால், ராத்திரி 2 மணி பேக்கப்புக்கு அங்கே முந்தைய நாள் 20.30 என்று எழுத வேண்டியிருக்கும், கிழமை வேறு ஒன்று தள்ளிப் போகும். 'டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தா' என்று மாற்றிவிட்டு, மறக்காமல் கிரானையும் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் அது பழைய நேரத்திலேயே குந்தியிருக்கும். எல்லா சர்வரும் உலக நேரத்தில்தான் இருக்க வேண்டும் என்று அடித்துப் பேசுகிறவர்கள் உண்டு. பல நாட்டுக்கு வேலை செய்கிறவர்களுக்கு அது சரி. சேலத்துக் கடைக்கும் ஏற்காட்டுத் தோட்டத்துக்கும் ஓடுகிற ஒற்றை சர்வருக்கு எதற்கு? கோடையில் கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளும் வழக்கமும் நம் நாட்டில் இல்லை, காணாமல் போகும் மணி நேரத்தைப் பற்றிய கவலை நமக்குக் கிடையாது.

சரி, இரவில் அணைக்கும் பட்டறை மெஷினுக்கு வருவோம். ராத்திரி 2 மணி பேக்கப் என்று கிரானில் எழுதினால் அது வாழ்நாளில் ஓடாது. கிரான் ஒவ்வொரு நிமிடமும் கண் விழித்து 'இப்போது எது?' என்று மட்டும் பார்க்கும், 'நேற்று ராத்திரி எது தவறியது?' என்று கேட்காது. அதைக் கேட்பது அனாக்ரான். உபுண்டு, டெபியனில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் அனாக்ரான்', கிரோனியில் கூடவே கிடைக்கும். எட்சி ஃபோல்டரில் அனாக்ரான்டாப் என்ற கோப்பில், ஒரு வரியில் நான்கு விவரம்: எத்தனை நாளுக்கு ஒரு தடவை, எத்தனை நிமிடம் பொறுத்து, வேலைக்கு ஒரு பெயர், கட்டளை. பட்டறையில் '1 15' என்று ஆரம்பிக்கிறது வரி. ஒரு நாளுக்கு ஒரு முறை, மெஷின் எழுந்து 15 நிமிடம் கழித்து. காலையில் கடை திறந்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, டீ வந்து, முதல் பில் போடுவதற்குள் பேக்கப் முடிந்துவிடும். மணி, நிமிடம் என்ற பேச்சே அனாக்ரானுக்குக் கிடையாது, நாள் கணக்கு மட்டும்தான். கடைக் கம்ப்யூட்டருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அந்தக் கோப்பையே தொடாமல், ஸ்கிரிப்டை கிரான் டெய்லி ஃபோல்டரில் போட்டுவிடுவதும் உண்டு. ஒரே எச்சரிக்கை: டெபியன் வகைகளில் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. 'பேக்கப்.எஸ்எச்' என்று வைத்தால் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும், வெறும் 'பேக்கப்' என்றால் ஓடும். சந்தேகம் வந்தால் 'ரன்-பார்ட்ஸ் --டெஸ்ட்' கொடுத்து அந்த ஃபோல்டரின் பாதையையும் கொடுங்கள், எதெல்லாம் ஓடும் என்று பட்டியல் போட்டுக் காட்டும்.

இனி மலைக்கு. இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

காப்பிக்கு மார்ச், ஏப்ரலில் விழும் பூமழைதான் உயிர். ஒரு அங்குலத்துக்குச் சற்று மேலே ஒரே மூச்சில் பெய்தால் பத்து நாளுக்குள் தோட்டம் வெள்ளையாகப் பூத்துவிடும். அரைகுறையாகத் தூறிவிட்டு நின்றுபோனால் மொட்டு கெட்டுப்போகும். அதனால் தோட்டக்காரர்களுக்கு மழைக்கணக்கு என்பது பேங்க் பாஸ்புக் மாதிரி. மாமா இன்னும் அங்குலம், சென்ட் கணக்கில்தான் பேசுவார், நூறு சென்ட் ஒரு அங்குலம். மானி கொடுப்பது மில்லிமீட்டர். உள்ளே சீசா பலகை போல ஒரு சின்ன வாளி, 0.2 மில்லிமீட்டருக்கு ஒரு முறை சாய்ந்து கொட்டும், ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு ஸ்விட்ச் 'டிக்' என்று மூடித் திறக்கும். அந்த டிக்கை நேரத்தோடு பை எழுதி வைக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை மழைநாளைக் காலை 8.30-க்கு முடிக்கிறது, முந்தைய நாள் 8.30 முதல் இன்று 8.30 வரை பெய்தது இன்றைய தேதியில் ஏறும். உலக நேரத்தில் அது சரியாக 3 மணி. மாமாவின் பழைய நோட்டுகளிலும் ரைட்டர் (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) காலையில்தான் அளந்து எழுதியிருக்கிறார். ஆக, எட்டரைக்கு ஒரு கூட்டல், ஒரு செய்தி.

டிக்கை எண்ணும் நிரலை ஷெட்யூலரில் போடக் கூடாது. அது எந்நேரமும் விழித்திருக்க வேண்டியது, அதற்கு, லினக்ஸில் சர்வீஸ்களைக் கிளப்பிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸ் எழுதி, செத்தால் மறுபடி எழுப்பு என்று 'ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்' கொடுத்தாயிற்று. கிரானில் '@ரீபூட்' என்று போட்டும் சிலர் ஓட்டுகிறார்கள், ஆனால் அது ஒரு தடவை கிளப்பிவிடுவதோடு சரி, நடுவில் விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை.

கூட்டலுக்குச் சிஸ்டம்டி டைமர். தனியாக எதையும் நிறுவ வேண்டாம், சிஸ்டம்டி ஓடும் எல்லா மெஷினிலும் இருக்கிறது. எட்சியில் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம் என்ற ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு: மழை.சர்வீஸ், மழை.டைமர் (பெயரை ஆங்கிலத்தில் வையுங்கள்). சர்வீஸ் கோப்பில் 'டைப்=ஒன்ஷாட்', 'எக்ஸெக்ஸ்டார்ட்=' என்று ஸ்கிரிப்டின் முழுப் பாதை, 'யூசர்=' என்று எந்தப் பெயரில் ஓட வேண்டும் என்பது. டைமர் கோப்பில் 'ஆன்கேலண்டர்=*-*-* 08:30:00', அடுத்த வரியில் 'பெர்ஸிஸ்டன்ட்=ட்ரூ', கீழே இன்ஸ்டால் பகுதியில் 'வான்டெட்பை=டைமர்ஸ்.டார்கெட்'. கோப்பை எழுதிய பிறகு 'சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்', அப்புறம் 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் மழை.டைமர்'. எனேபிள் செய்ய வேண்டியது டைமரை, சர்வீஸை இல்லை, நிறையப் பேர் சறுக்குவது இங்கே. 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்' அடித்தால் அடுத்து எப்போது, கடைசியாக எப்போது என்று வரிசையாக வரும். நேரம் எழுதிய விதம் சரியா என்று பார்க்க 'சிஸ்டம்டி-அனலைஸ் கேலண்டர்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, எழுதியதை மேற்கோளுக்குள் கொடுத்தால் அடுத்து ஓடப்போகும் தேதியைச் சொல்லிவிடும். பட்டறையின் முதல் சனிக்கிழமைச் சிக்கல்கூட இங்கே ஒரே வரி: 'சாட் *-*-01..07 18:00:00'. இங்கே கிழமையும் தேதியும் இரண்டும் பொருந்தினால்தான் ஓடும். எட்டரை என்றால் துல்லியமாக எட்டரைக்கு ஓடாது, இயல்பாக ஒரு நிமிடம் வரை தாமதிக்க அதற்கு உரிமை உண்டு. நொடி முக்கியம் என்றால் 'அக்யூரஸிசெக்' என்பதைக் குறைத்துக்கொள்ளலாம், மழைக்கு அவசரமில்லை.

பெர்ஸிஸ்டன்ட் என்ற அந்த வரிக்காகத்தான் கிரானை விட்டு இதற்கு வந்ததே. கடைசியாக எப்போது ஓடியது என்று டைமர் வட்டில் குறித்து வைக்கிறது. சில்வர் ஓக் கிளை முறிந்து லைன் மேல் விழுந்து, காலை ஆறு மணியிலிருந்து பகல் பதினொன்று வரை கரண்ட் இல்லை என்று வையுங்கள். பதினொன்றுக்கு பை எழுந்ததும், எட்டரை தவறிவிட்டது என்று கண்டுகொண்டு உடனே ஓட்டிவிடும்.

ஆனால் இங்கே ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் விழித்துக்கொள்ள வேண்டிய இடம் இரண்டு. ஸ்கிரிப்டில் 'இப்போதிலிருந்து பின்னால் 24 மணி நேரம்' என்று கூட்டினால், பதினொன்றுக்கு ஓடும்போது நேற்றுப் பதினொன்றிலிருந்து இன்று பதினொன்று வரை வரும், அது எந்த நாளின் மழையும் இல்லை. ஓடும் நேரம் எதுவாக இருந்தாலும், கடந்துபோன எட்டரையை முடிவாக வைத்து அதற்கு முந்தைய எட்டரையிலிருந்து கூட்ட வேண்டும். இரண்டாவது, மூன்று நாள் கரண்ட் இல்லாவிட்டால் மூன்று தடவை ஓடும் என்று நினைக்காதீர்கள். தவறியது எத்தனையானாலும் எழுந்ததும் ஒரே ஒரு தடவைதான். அதனால் ஸ்கிரிப்டே கடைசியாக எழுதிய தேதியைப் பார்த்து, நடுவில் விடுபட்ட நாள்கள் ஒவ்வொன்றையும் நிரப்பிக்கொண்டு வர வேண்டும், ஏற்கெனவே எழுதிய நாளை மறுபடி எழுதினாலும் கணக்கு கெடக் கூடாது. இப்படி எழுதிவிட்டால் கையால் எப்போது ஓட்டினாலும் பயமில்லை. பை அணைந்திருந்த நேரத்தில் பெய்த மழையை மட்டும் எந்த ஷெட்யூலராலும் மீட்க முடியாது, டிக்கை யாரும் கேட்கவில்லையே. அதற்கு ஒரு குட்டி யூபிஎஸ்தான் மருந்து. அது தீர்ந்துபோகும் நாளுக்காக, பழைய அளவுக் குடுவையை ரைட்டர் இன்னும் எடுத்துப் போடாமல் வைத்திருக்கிறார், நானும் எடுக்கச் சொல்லவில்லை.

இதையெல்லாம்விட மோசமானது கடிகாரம். ராஸ்பெர்ரி பை 4 வரைக்கும் போர்டில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. 5-இல் இருக்கிறது, பேட்டரியைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். கடிகாரம் இல்லாத பை அணைந்து எழுந்தால், தான் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்தையே இப்போதைய நேரம் என்று நம்பிக்கொண்டு எழும், இணையம் கிடைத்த பிறகுதான் திருத்திக்கொள்ளும். மலையில் கரண்ட் போகிற அதே மழையில் போன் சிக்னலும் போய்விடும். இரவு 2.17-க்குச் சேமித்த நேரத்தோடு காலை 7 மணிக்கு எழுந்தது என்றால், அதன் கணக்கில் எட்டரை ஆகும்போது நமக்கு மதியம் 1.13 ஆகியிருக்கும். அதுவரை விழுந்த ஒவ்வொரு டிக்கும் தப்பான நேரத்தில் பதிவாகும். ஷெட்யூலர் சொன்னபடி ஒழுங்காக ஓடியிருக்கும், அதன் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

நேரம் ஒத்துப்போகும் வரை வேலையை நிறுத்தி வை என்று சிஸ்டம்டியிடம் சொல்ல முடியும், 'சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சின்க்' என்ற சர்வீஸை எனேபிள் செய்து, நம் சர்வீஸில் 'ஆஃப்டர்=டைம்-சின்க்.டார்கெட்' என்று எழுதினால் போதும். நகரத்தில் இது நல்ல வழி. சிக்னலே இல்லாத நாளில் அது காத்துக்கொண்டே கிடக்கும் என்பதால் மலையில் நான் அதை நம்பவில்லை, டிஎஸ்3231 என்ற கடிகாரச் சில்லு வைத்த குட்டி போர்டை வாங்கி மாட்டினேன். இந்த மலிவு போர்டுகளில் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஒரு சுற்றும் சேர்ந்தே வரும், சார்ஜ் ஆகாத சாதாரண நாணய பேட்டரியைப் போட்டுவிட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி வீங்கும். பையின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து மட்டும் இணைப்புக் கொடுங்கள். பூட் ஃபோல்டரில் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் 'டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231' என்று ஒரு வரி, ரீபூட், அப்புறம் 'டைம்டேட்சிடிஎல்' அடித்தால் ஆர்டிசி டைம் என்ற இடத்தில் நேரம் வர ஆரம்பிக்கும். ஃபேக்-எச்டபிள்யூகிளாக் என்ற பொதி இருந்தால் நீக்கிவிடுங்கள், இனி பொய்க் கடிகாரம் தேவையில்லை.

பறிப்புக் காலத்தில் மட்டும் இன்னொரு வேலை சேரும். களத்தில் காயும் காப்பியைப் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து வாடகை சர்வருக்கு அனுப்புவது. சிக்னல் நன்றாக இருந்தால் சில நொடி, மூடுபனியும் தூறலுமாக இருந்தால் ஒரு படம் கால் மணி நேரம் இழுக்கும். அதற்குள் அடுத்தது கிளம்பிவிடும், அதன் மேல் இன்னொன்று, கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு எதுவும் போய்ச் சேராது. கிரான் என்றால் கட்டளைக்கு முன்னால் 'எஃப்லாக் -என்' போட்டு ஒரு பூட்டுக் கோப்பைக் காட்ட வேண்டும், பூட்டு இருந்தால் புதிது கிளம்பாது. டைமரில் இந்தக் கவலை இல்லை, சர்வீஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவதைக் கிளப்பாது. ஆனால் ஒன்ஷாட் சர்வீஸுக்கு இயல்பாகக் கால வரம்பே இல்லை. தொங்கிப்போனால் தொங்கியது தொங்கியதுதான், அடுத்தடுத்த படங்களும் போகாது. 'டைம்அவுட்ஸ்டார்ட்செக்=300' என்று எழுதி வைத்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

ஒரே ஒரு தடவை ஓட வேண்டிய வேலைக்கு இதெல்லாம் வேண்டாம், 'ஆப்ட் இன்ஸ்டால் அட்'. 'அட் 23:00' என்று அடித்து, கட்டளையை எழுதி, கன்ட்ரோல்-டி. 'அட்க்யூ' பட்டியல் காட்டும், 'அட்ஆர்எம்' நீக்கும்.

இனி மிச்சம் இருப்பது சத்தமில்லாமல் நின்றுபோகும் வேலைகளை எப்படிப் பிடிப்பது. முதலில் மழை பெய்த நாளில் மட்டும் செய்தி போகட்டும் என்றுதான் பேச்சு. மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "மழை பேயாத அன்னிக்கும் 'மழை இல்ல'ன்னு ஒரு வரி வரட்டும்ப்பா. ஒண்ணுமே வரலைன்னா வானம் காஞ்சு கெடக்குதா, உன் டப்பா செத்துக் கெடக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" மானிட்டரிங் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பவர்கள் சொல்வதும் இதைத்தான். அதனால் மழை இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று ஒரு செய்தி போகிறது, அதே எண் வாடகை சர்வரிலும் ஒரு கோப்பில் வந்து விழுகிறது. சர்வரில் '30 9 * * *' என்று ஒரு கிரான் வரி, ஒன்பதரைக்கு அந்தக் கோப்பில் இன்றைய தேதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் செய்தி அனுப்பும். எப்போதும் ஓடும் மெஷின் என்பதால் அங்கே டைமர் எல்லாம் தேவைப்படவில்லை. அந்தச் செய்தி எனக்கு மட்டும்தான் வரும். மாமாவின் நம்பரை அதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் ஒன்பது முப்பத்தொன்றுக்கு என் போன் அடிக்கும்.